பதினோரு திங்கட்கிழமைகள்

மார்ச் 3

சின்னவளுக்கு,

நீ செய்த தவறு இதுதான். நான் இருபத்தாறு வருடம் ஓட்டிய கழிவுநீர்த் தொட்டியைப் பற்றி, அதன் கரையில் ஒரு நாள்கூட நிற்காமல், நீல டிரம் சரக்கை அது தொண்ணூற்று நான்கு சதவீதம் சிதைத்துவிடும் என்று கம்ப்யூட்டரில் கணித்து எழுதிக் கையெழுத்துப் போட்டாய். அந்தக் கையெழுத்தைக் காட்டித்தான் தொழிற்சாலைக்கு அனுமதி கொடுத்தார்கள். தொட்டி அதைச் சிதைக்கவில்லை. இப்போது தொட்டியை விட்டுவிட்டு மூக்கனைப் பிடித்திருக்கிறார்கள்.

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், தாளில் இடம் இருந்தால்.

போன வாரம் போனில் "நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க அண்ணா, விடுங்க" என்றாய். போனை வைத்தேன். போனில் நீ வேகமாகப் பேசுகிறாய், எனக்குப் பதில் மறுநாள்தான் தோன்றுகிறது. கடிதத்தில்தான் என்னால் ஒழுங்காகச் சண்டை போட முடியும்.

மூக்கனை உனக்கு நினைவிருக்கும். இருபது வருடம் என் ஷிஃப்டில் இருந்தவன், நான் வெளியே வந்த பிறகு என் இடத்தில் இருப்பவன். தொட்டியின் ஓரத்தில் நின்று ஒரு மூச்சு இழுத்தாலே காற்று போதுமா போதாதா என்று சொல்லிவிடுவான், மீட்டர் பிறகு வந்து ஆமாம் போடும். அதனால் அந்தப் பெயர்.

நீல டிரம் சரக்கு என்பது உலோகப் பாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் திரவம். டிசம்பரிலிருந்து தொழிற்சாலை அதைச் சாக்கடையில் விடுகிறது. பத்தாம் நாள் தொட்டியில் வெள்ளை நுரை இடுப்பளவுக்கு எழுந்தது. சேற்றில் இருக்கும் உயிர்களை நாங்கள் பூச்சி என்போம், நீ வேறு பெயர் சொல்வாய். பெயர் எதுவானாலும் அவை செத்துக்கொண்டிருக்கின்றன. வெளியேறும் நீரைச் சோதித்தால் முப்பத்தெட்டு சதவீதம்தான் குறைந்திருக்கிறது. மிச்சம் ஆற்றுக்குப் போகிறது. கீழே அரை மைல் தூரத்தில் கரையோரக் குடியிருப்பு. அவர்கள் அந்த ஆற்றிலிருந்துதான் குழாய் போட்டிருக்கிறார்கள்.

பொறியாளர் மூக்கனைக் கூப்பிட்டு, "கம்ப்யூட்டர் முடியும்னு சொல்லுது. உன்னால முடியலன்னா கோளாறு உன்கிட்டதான்" என்றாராம்.

"அப்ப கம்ப்யூட்டரையே ஷிஃப்ட் பாக்கச் சொல்லுங்க சார்" என்று இவன் சொல்லியிருக்கிறான். முதல் மெமோ நுரைக்கு, இரண்டாவது மெமோ வாய்க்கு. முதல் மெமோவில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: "கணிப்பின்படி தொட்டிக்குத் திறன் உள்ளது. வெளியேறும் நீரில் காணப்படும் குறை இயக்குபவரின் கவனக்குறைவே ஆகும்."

முப்பதாம் தேதி அவன் மேல் விசாரணை. அதே நாளில், அதே மேஜையில், தொழிற்சாலைக்கு இரண்டு மடங்கு சரக்கு விட அனுமதி. இரண்டுக்கும் ஆதாரம் உன் எண்தான்.

தொட்டியைப் பற்றி நான் தினமும் எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய் இதைச் செய்தாய். பத்தாவது தாண்டாதவன் எழுதியது என்று நினைத்திருப்பாய். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உன் பாடப் புத்தகங்களை உனக்கு முன்னால் படித்தவன் நான். என் நோட்டுகளில் ஒரு எண்ணும் பொய் இல்லை. பொய் உன் பக்கம்தான் நுழைந்திருக்கிறது.

என் கணிப்பு தவறு என்று இரண்டு வரி எழுதி கழிவுநீர் வாரியத்துக்கு அனுப்பு. வேறு எதுவும் கேட்கவில்லை.

இடம் இல்லை.

அண்ணன்

~

மார்ச் 8

அண்ணாவுக்கு,

நான் உங்கள் நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போகவில்லை. நீங்கள் கொடுத்தீர்கள். இருபத்தாறையும் துணிப்பையில் கட்டி ரயில் வரைக்கும் தூக்கிவந்தீர்கள். ஜன்னல் வழியாக உள்ளே தள்ளிவிட்டு, "இதுல எழுதாதது எதுவும் அந்தத் தொட்டியில நடக்கல" என்றீர்கள். எதிர் இருக்கைக்காரர் என்ன வேதப் புத்தகமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மூக்கன் விஷயம் உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது. மெமோவில் அப்படி எழுதுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு கணிப்பு மனிதன் மேல் குற்றப்பத்திரிகையாக மாறும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை.

ஆனால் "தவறு" என்று இரண்டு வரி எழுத முடியாது அண்ணா. எங்கே தவறு என்று கேட்பார்கள். எப்படிக் கணித்தேன் என்று சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

ஒரு வேதிப்பொருளை எடுத்தால் அதன் அமைப்பைப் பார்ப்போம், பூச்சிகளால் எந்த இடத்தில் கடிக்க முடியும் என்று. தண்ணீர் தொட்டியில் எத்தனை மணி நேரம் நிற்கிறது, சூடு எவ்வளவு, காற்று எவ்வளவு, சேற்றின் வயது எவ்வளவு, இவை எல்லாம் உள்ளே போகும். இதற்கு மேல் அந்தத் தொட்டியின் சரித்திரம். அதுதான் எடை கூடியது. இதே வேதிக் குடும்பத்துக் கழிவுகள் உங்கள் தொட்டியைப் பதினோரு தடவை அடித்திருக்கின்றன. பதினோரு தடவையும் பூச்சிகள் செத்து, பிறகு எழுந்து, ஒன்பதாம் நாளுக்குள் தொண்ணூறுக்கு மேல் சிதைத்திருக்கின்றன. வேறு எந்த ஊர்த் தொட்டியிலும் நான் இப்படிப் பார்த்ததில்லை. "இந்தத் தொட்டி ஒன்பது நாளில் பழகிக்கொள்ளும்" என்று எழுதினேன். தொண்ணூற்று நான்கு அங்கிருந்து வந்தது.

உங்கள் கடிதம் வந்த பிறகு எல்லாவற்றையும் திரும்ப எடுத்தேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் காலை ஆறு மணிக்கு ஒரு லிட்டர் ஜாடியில் தொட்டி நீரை எடுத்து, அரை மணி விட்டு, சேறு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எழுதுவீர்களே, அதில் பதினோரு எண்களை நான் நீக்கியிருக்கிறேன். முந்தின நாள் நூற்றுப் பத்து மில்லி இருக்கும், மறுநாள் இருநூற்று அறுபது. செத்துக்கொண்டிருக்கிற தொட்டியில் ஒரே நாளில் சேறு இரண்டு மடங்குக்கு மேல் ஏறாது. அவசரத்தில் ஒன்றை இரண்டாக எழுதியிருப்பீர்கள், கைப்பிழை என்று எடுத்துக்கொண்டேன். பதினொன்றும் தொட்டி எழுந்த சமயங்களில்தான் வருகின்றன என்பதை அப்போது நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

உங்களைக் கேட்டிருக்க வேண்டும். அம்மாவின் காரியத்துக்கு நான் ஒரு நாள் தாமதமாக வந்ததிலிருந்து நீங்கள் என்னோடு பேசாமல் இருந்த மாதங்கள் அவை. கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். அந்தப் பதினோரு நாட்களிலும் ஜாடியில் என்ன நடந்தது?

அண்ணியிடம் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை

~

மார்ச் 13

சின்னவளுக்கு,

என் கையில் பிழையா?

ஒன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் கையில் வாரியம் தொட்டியைக் கொடுத்து வைத்திருந்தது என்று எழுதிக் கொடு, அதையும் மேஜையில் வைக்கட்டும். மழையில், காய்ச்சலில், அப்பா இறந்த மறுநாள் காலையில்கூட அந்த ஜாடியின் முன்னால் உட்கார்ந்து அரை மணி பார்த்திருக்கிறேன். ஜாடி இருநூற்று அறுபது காட்டினால் இருநூற்று அறுபது. அதில் பதினொன்றை நீ வெட்டி எறிந்திருக்கிறாய். அரிசியில் கல் பொறுக்குவதாக நினைத்து அரிசியைப் பொறுக்கி எறிந்தவள் நீ. இதற்கு மேல் தவறு எங்கே என்று யாராவது கேட்டால் இதைச் சொல்.

என்ன நடந்தது என்று கேட்கிறாய். ஜாடி காட்டியதை எழுதுவது என் வேலை. ஏன் காட்டியது என்று எழுதச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நேற்று மூக்கன் வந்திருந்தான். பத்து நாளில் கழுத்து எலும்பு தெரிகிறது. சாப்பிடச் சொன்னால் நின்றுகொண்டே தண்ணீர் குடித்தான். காற்றைக் கூட்டிப் பார்த்தானாம், சேற்றைத் திருப்பி விட்டுப் பார்த்தானாம், எதற்கும் அசையவில்லை என்றான். பிறகு குரலை இறக்கி, "அண்ணே, பழைய வைத்தியம் ஒண்ணு இருக்கே. செஞ்சு பாத்துடவா?" என்றான்.

"எந்த வைத்தியம்? எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல."

"ஞாபகம் இல்லன்னுதான் சொல்றீங்க. வேணாம்னு சொல்லலையே."

"நான் எதுவும் சொல்லலப்பா. நான் வேலைய விட்டு வந்தவன்."

சிரித்தான். "தொட்டி டாக்டருக்கே மறதி வந்துட்டா நோயாளி என்ன பண்ணுவான்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தக் காலத்தில் வாரியத்தில் எனக்கு அந்தப் பெயர். சிறந்த இயக்குநர் என்று சான்றிதழ் கொடுத்தபோது பழைய பொறியாளர் மேடையிலேயே அப்படித்தான் கூப்பிட்டார்.

உன் அண்ணி உள்ளேயிருந்து எல்லாம் கேட்டிருக்கிறாள். "கூடப் பொறந்தவகிட்டயும் சொல்றதில்ல, கூட வேலை பாத்தவன்கிட்டயும் சொல்றதில்ல. வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள். அவள் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வாயும் அப்படியேதான்.

இரண்டு வரி. அனுப்பு.

அண்ணன்

~

மார்ச் 17

அண்ணா,

உங்கள் பதினோரு எண்களையும் திரும்பச் சேர்த்துவிட்டேன். சேர்த்துவிட்டு, ஒவ்வொன்றின் தேதிக்கும் கிழமை பார்த்தேன். பதினொன்றும் திங்கட்கிழமை.

பூச்சிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியுமா அண்ணா?

ஞாயிறு பொறியாளர் வரமாட்டார். வாசலில் பதிவேடு எழுதுகிறவரும் மதியம் வீட்டுக்குப் போய்விடுவார். சின்ன வயதில் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் நான், எனக்குத் தெரியும். ஞாயிறு மதியம் வேறு எங்கிருந்தோ சேறு வந்திருக்கிறது. வடக்கே இருக்கும் வாரியத்தின் இன்னொரு நிலையம், பெயிண்ட் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருப்பது, அங்கிருந்து என்று நினைக்கிறேன். அந்தத் தொட்டி வருடக்கணக்காக இதே மாதிரிச் சரக்கைக் குடித்துப் பழகியது. பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி அந்தச் சேற்றைக் கொண்டுவந்து நம் தொட்டியில் ஊற்றியிருக்கிறீர்கள். திங்கள் காலை ஜாடியில் சேறு ஏறியிருந்தது. நீங்கள் அதை நேர்மையாக எழுதினீர்கள். எங்கிருந்து வந்தது என்பதை எழுதவில்லை.

அப்படியென்றால் தொட்டி ஒரு தடவையும் தானாக எழவில்லை. நான் கணித்தது தொட்டியை அல்ல, உங்களை.

உறையைக் கழித்துவிட்டுத் திரும்பக் கணக்குப் போட்டேன். நாற்பத்தொன்று சதவீதம் வருகிறது. மூக்கனுக்கு முப்பத்தெட்டு கிடைத்திருக்கிறது. அவரிடம் ஒரு குறையும் இல்லை.

ஆனால் இதை என் ஊகமாக அனுப்ப முடியாது. எந்தத் தேதி, எத்தனை டேங்கர் லோடு, யார் கொண்டுவந்தது என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அனுமதி இல்லாமல் சேற்றை மாற்றக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். அந்தச் சேற்றில் பெயிண்ட்டின் ஈயம் இருக்கிறது, அதனால்தான் விதி. சான்றிதழ் போகும். தொட்டி டாக்டர் என்ற பெயர் போகும். அது உங்களுக்கு எவ்வளவு பெரிது என்று உங்களைவிட எனக்குத் தெரியும்.

அது இருக்கட்டும், மெதுவாக யோசியுங்கள். முதலில் ஒன்று செய்யுங்கள். மூக்கன் கேட்ட பழைய வைத்தியம் இதுதான் என்றால், வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். வாய் திறந்து, நேரில், இந்த ஞாயிற்றுக்கு முன்னால். போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அண்ணி எடுத்து, "பக்கத்துலதான் உக்காந்திருக்காரு, ஆனா இல்லன்னு சொல்லச் சொல்றாரு" என்றார்.

கோபத்தை என் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்.

தங்கை

~

மார்ச் 24

சின்னவளுக்கு,

மூக்கன் ஞாயிற்றுக்கிழமை மதியம் இறந்துவிட்டான். வடக்கு நிலையத்தின் சேற்றுக் குழியில்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்தது. படித்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். சனிக்கிழமை அவன் தெருமுனை வரை போனேன். அவன் வீட்டு வாசலில் ஆள் நடமாட்டம் இருந்தது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன். ஞாயிறு சாப்பிட்டுவிட்டுப் போவதாக இருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆள் வந்தது.

நீ ஊகித்தது எல்லாம் சரி. முதல் தடவை தொட்டியைக் காப்பாற்றத்தான் செய்தேன். ஒன்பது வருடம் வளர்த்த சேறு இரண்டு நாளில் கருப்பாகிவிட்டது. வடக்கு நிலையத்தில் ஒரு லோடு எடுத்து ஊற்றினோம். ஒரு வாரத்தில் தொட்டி எழுந்துவிட்டது. எழுதப் பேனாவை எடுத்தேன், எழுதினால் விதிமீறல் என்று மூடிவைத்தேன். அதற்குள் பழைய பொறியாளர் வந்து முதுகில் தட்டி, "எப்படிய்யா காப்பாத்தின?" என்றார். பக்குவம் சார் என்றேன். அந்த ஒரு வார்த்தையைப் பத்து வருடம் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது. உன்னிடம் ரயிலடியில் சொன்னதும் அதற்காகத்தான்.

குழியில் சேற்றை உறிஞ்சும் குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். ஒருவன் இறங்கிக் கம்பியால் குத்திவிட வேண்டும். மேலே ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான், இறங்கியவன் ஒரு நிமிடம் பேசாவிட்டால் இழுத்துவிடுவான். இறங்குகிறவன் எப்போதும் மூக்கன்தான். பேச்சை நிறுத்தக் கூடாது என்பதற்காக என்னைத் திட்டிக்கொண்டே வேலை செய்வான். பதினோரு தடவையும் மேலே கயிற்றைப் பிடித்தவன் நான்.

இந்தத் தடவை மேலே யாரும் இல்லை. டேங்கர் ஓட்டியவர் வேலைக்குப் புதிது, அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரம் கழித்துத்தான் இறங்கிப் பார்த்திருக்கிறார். கயிறு குழியின் ஓரத்தில் சுருட்டியபடியே இருந்ததாம்.

பொறியாளர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மூக்கன்னுதானே பேரு, வாசம் தெரியலையா?" என்றார். சேற்றிலிருந்து எழும் விஷவாயு அதிகமானால் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போகச் செய்யும், அதற்குப் பிறகு எதுவும் தெரியாது. எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. அவரிடம் சொன்னேன். பெரியவரே தள்ளி நில்லுங்கள் என்றார். அறிக்கையில், அனுமதியின்றித் தன்னிச்சையாக இறங்கினார் என்று எழுதியிருக்கிறார்கள். முப்பதாம் தேதி விசாரணையை நிறுத்தவில்லை. செத்தவன் பதில் சொல்ல மாட்டான் என்பதால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று பேசிக்கொள்கிறார்கள். அது முடிந்த கையோடு இரண்டு மடங்கு அனுமதி.

நேற்று அடக்கம் செய்தோம். அவன் மனைவி எல்லோர் முன்னாலும் என்னிடம் கேட்டாள், "ஞாயித்துக்கிழமை அவருக்கு அங்க என்ன வேலைண்ணே? உங்களுக்குத் தெரியாம இருக்காதே." தெரியாதம்மா என்றேன்.

இவ்வளவும் எழுதினேன் என்பதால் உன் தவறு குறைந்துவிட்டதாக நினைக்காதே. ஒரு எண் ஒத்துவரவில்லை என்றால் எழுதியவனைக் கேட்க வேண்டும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா என்பாய். சொல்லியிருக்க மாட்டேன். அதனால் நீ கேட்காமல் விட்டது சரியாகிவிடாது. எனக்கு ஆறுதல் சொல்லிப் பதில் எழுதாதே. வேலை இருக்கிறது. யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

பதினோரு தேதிகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை லோடு, இறங்கியது யார், கயிறு பிடித்தது யார், விதி தெரிந்தே செய்தது யார்: எழுதிக் கையெழுத்துப் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். இது நான் செய்ய வேண்டியது, செய்துவிட்டேன். இன்னொரு நகல் வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் போகிறது.

தொண்ணூற்று நான்கை நீ திரும்பப் பெற வேண்டும். நாற்பத்தொன்று என்று எழுது. அந்தச் சரக்கைத் தின்னும் பூச்சி இந்தத் தொட்டியில் இல்லை, இருந்ததும் இல்லை என்று கம்ப்யூட்டர் தெரியாதவனுக்கும் புரிகிற மாதிரி எழுது. நீ நீக்கிய எண்களை நீதான் நீக்கினாய் என்றும் எழுது. தபாலில் அனுப்பாதே. முப்பதாம் தேதி காலை நேரில் வந்து மேஜையில் வை. இந்தத் தடவை ஒரு நாள் முன்னால் வா.

டேங்கர் ஓட்டியவர், தன்னைக் கூப்பிட்டது யார், என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். பயந்து போயிருக்கிறார். நாளை நான் அவரைப் பார்க்கிறேன். கயிற்றுக்கு அவர் பொறுப்பில்லை என்பதை முதலில் அவரிடமே சொல்ல வேண்டும்.

பொறியாளர் மெமோவிலிருந்து கவனக்குறைவு என்ற வார்த்தையை எடுக்க வேண்டும். தானாக எடுக்க மாட்டார். உன் தாளையும் என் தாளையும் ஒன்றாகப் பார்த்த பிறகு எடுக்காமல் இருக்க முடியாது.

தொழிற்சாலை நீல டிரம் குழாயை மூட வேண்டும். இரண்டு மடங்கு என்ற பேச்சே இருக்கக் கூடாது. வாரியம் உத்தரவு போட வேண்டும், போடும் வரைக்கும் நான் அந்த வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

கரையோரக் குடியிருப்பில் அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்ல வேண்டும். உன் அண்ணி இன்று காலையே கிளம்பிவிட்டாள், முழங்காலோடு. நானும் வருகிறேன் என்றதற்கு, "உங்களுக்கு வேற வீடு இருக்கு" என்றாள்.

மூக்கனின் மனைவி எதுவும் செய்ய வேண்டியதில்லை. அவளிடம் போய், ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு அங்கே என்ன வேலை என்று சொல்ல வேண்டும். நான். தனியாக. இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, நேராக.